பேர் போடாத ஜாதகம்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஃபோன் அடித்தபோது காமாக்ஷி சமையலறையில் உட்கார்ந்து பருப்புத் தேங்காய்க்கு வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மகள் சுபாஷிணிக்கு நிச்சயதார்த்தம். வெற்றிலையும் வாழையிலையும் நாளைக்குத்தான் டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்க வேண்டும், இன்றைக்கே வாங்கினால் இந்த டிசம்பர் குளிரில் கறுத்துப்போகும் என்று யோசித்தபடியே கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

"மாமி, ராமசுப்ரமணியன் பேசறேன்."

சம்பந்தி! ஆர்.கே. புரத்தில் இருப்பவர். ஆடிட் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் பிறத்தியார் கணக்கில் தப்புக் கண்டுபிடித்து ரிடையர் ஆன மனுஷர். அவருடைய பிள்ளை அக்ஷய்தான் மாப்பிள்ளை.

"சொல்லுங்கோ மாமா. மாமி சௌக்கியமா?"

"இருக்கா. உங்காத்துக் குழந்தை பொறந்த நேரம் கார்த்தால அஞ்சு பதினேழுதானே?"

"ஆமா. ஆஸ்பத்திரி கடிகாரத்தைப் பார்த்து எழுதினது."

"சதயம், மூணாம் பாதம். டெல்லியிலேயே பொறந்தது."

"ஆமா. ஏன் கேக்கறேள்? பொருத்தந்தான் அன்னிக்கே பார்த்தாச்சே?"

"அன்னிக்கு என் கம்ப்யூட்டர் ரிப்பேர். பஞ்சாங்கத்தை வெச்சுண்டு கையால பார்த்தேன். நேத்திக்குத்தான் கல்யாண முகூர்த்தம் குறிக்கலாம்னு ஜாதகத்தை அதுல போட்டேன்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "மாமி, சுபாஷிணிக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா? மாத்திரை மருந்துன்னு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லையே. எப்பவாவது ஜலதோஷம்..."

"சரி. நாலு மணிக்கு நான் மட்டும் வரேன். நேர்ல பேசிக்கலாம்."

ஃபோனை வைத்துவிட்டார். ரிஸீவரைக் கையில் பிடித்தபடியே காமாக்ஷி சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் சேஷனுக்கு ஃபோன் பண்ணலாமா? பார்லிமெண்ட் நடக்கிற சமயம். எம்.பி.க்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் அவருடைய செக்ஷனிலிருந்து பதில் போக வேண்டும். வீட்டுக்கு வரவே ஒன்பது மணி ஆகிறது. தவிரவும் ஃபோன் பண்ணி என்னவென்று சொல்வது? அவள் செய்து வைத்த காரியம் அவருக்கே தெரியாதே!

காரியம் இதுதான். சுபாஷிணிக்குப் பதினைந்து வயதில் வலிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, மாத்திரை ஆரம்பித்து, நாலு வருஷத்தில் வலிப்பு நின்றும் போயிற்று. ஏழு வருஷமாக ஒன்றும் இல்லை. ஆனால் மாத்திரை மட்டும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பதினொரு வருஷமாக அந்த மாத்திரையைக் காமாக்ஷிதான் தன் கையால் எடுத்துக் கொடுக்கிறாள். டப்பா இருக்கிற இடம் சமையலறை அலமாரியில், கல்லுப்பு ஜாடிக்குப் பின்னால். வீட்டுக்கு வருகிற வேலைக்காரி வீராயிக்குக்கூடத் தெரியாத இடம்.

வரன் பார்க்க ஆரம்பித்ததும் காமாக்ஷிக்குத் தூக்கம் போயிற்று. சொல்வதா, மறைப்பதா? சொன்னால் வருகிறவன் வாசலோடு திரும்பிவிடுவான். மறைத்தால் நாளைக்குப் பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனால் என்ன பண்ணுவது? சேஷனைக் கேட்டால், "யாராவது விஷயம் தெரிஞ்சவாளைக் கேட்டுக்கோ" என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். யாரைக் கேட்பது? இவர்கள் குடியிருக்கும் லக்ஷ்மிபாய் நகரில் ஒரு வீட்டில் பெருங்காயம் பொரித்தால் மூன்றாவது பிளாக்கில் இன்றைக்கு என்ன சாம்பார் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே இருக்கிற ஜோசியரிடம் போனால் அடுத்த பூஜையில் சுண்டலோடு சேர்த்து விநியோகம் ஆகிவிடும்.

அப்போதுதான் கம்ப்யூட்டர் கண்ணில் பட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை அனிருத் வாங்கிப் போட்டு, அம்மாவுக்கு இன்டர்நெட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதில் 'ஜாதக சபை' என்று ஒரு இடம். உலகம் முழுக்க இருக்கிற தமிழ்க்காரர்கள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டிக் கேள்வி கேட்பார்கள். ஜோசியம் தெரிந்தவர்கள் இனாமாகப் பதில் சொல்வார்கள். ஜூலை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் காமாக்ஷி அங்கே போய் எழுதினாள்.

மகராசி ரொம்ப ஜாக்கிரதையாகத்தான் எழுதினாள். தன் பெயருக்குப் பதிலாக 'கவலைத்தாய்' என்று வைத்துக்கொண்டாள். பெண்ணின் பெயர் இல்லை. லக்ஷ்மிபாய் நகர் இல்லை. சேஷன் வேலை பார்க்கும் மந்திரி ஆபீஸ் இல்லை. ஆனால் ஜோசியம் கேட்கப் போன இடத்தில் ஜாதகம் கொடுக்காமல் எப்படி? பிறந்த தேதி, நிமிஷத்தோடு நேரம், பிறந்த ஊர் டெல்லி, நட்சத்திரம், பாதம், ராசிக் கட்டம், நவாம்சக் கட்டம், தசை இருப்பு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் தட்டினாள். அதே ஜாதகத்தைத்தான் சேஷன் ஜெராக்ஸ் எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, டெல்லியில் இருபது வீட்டுக்குக் கொடுத்திருந்தார். பேரை மறைத்துவிட்டோம், தீர்ந்தது என்று இவள் நிம்மதியாக இருந்தாள். கல்யாணச் சந்தையில் பேரை யார் பார்க்கிறார்கள்? கட்டத்தைத்தானே பார்க்கிறார்கள்! இது அந்த அம்மாளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது தோன்றியது. வெல்லமும் அரிவாள்மணையும் கிடந்தபடி கிடக்க, காமாக்ஷி கம்ப்யூட்டரைப் போட்டாள். ஃபோன் லைன் வழியாகத்தான் இன்டர்நெட். கீச்கீச்சென்று அது கத்தி முடித்துச் சேர்வதற்குள் அவளுக்கு வேர்த்து விட்டது. பக்கம் திறந்தது. அவள் எழுதியது அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு எண்: படித்தவர்கள் 2114.

"ஈஸ்வரா!" என்றாள் வாய்விட்டு.

அவளுக்குத் தெரிந்தவரை அதைப் படித்தது ஒரே ஒருத்தர். பதில் சொன்னவர். அவர் பெயர் ஜோதிஷ சேவகன். எத்தனை ஆதரவாக எழுதியிருந்தார்! காமாக்ஷி மறுபடி படித்தாள். 'அம்மா, ஆறாம் இடம் சுத்தம். வியாதி திரும்ப வராது. பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சொன்னால் நல்ல சம்பந்தம் தட்டிப்போகும். கல்யாணம் ஆகிக் குடித்தனம் படிந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். சுபம்.' அந்த வார்த்தையைத்தான் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குக் கீழே அவளுடைய இரண்டாவது கடிதம். ஆறுதலாக ஒருத்தர் பேசினால் மனசு சும்மா இருக்குமா? கொட்டித் தீர்த்திருந்தாள். முதல் தடவை வலிப்பு வந்தது பள்ளிக்கூடத்தில், காலைப் பிரார்த்தனையில், எண்ணூறு பெண்களுக்கு நடுவில். குழந்தை தன் நினைவு இல்லாமல் யூனிஃபார்மை நனைத்துக்கொண்டது. ஒரு டீச்சர் தன் துப்பட்டாவைக் கழற்றிச் சுற்றி ஆட்டோவில் அனுப்பினாள். பெண் ஆறு மாதம் வீட்டில்கூட யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாம் இருந்தது, ஒரு எழுத்துப் பிசகாமல்.

அழிக்க வேண்டும். எப்படி? பொத்தானைத் தேடினாள். எழுதிய ஒரு நாளுக்குள் மட்டுமே திருத்தலாம், அழிக்கலாம் என்று அங்கே போட்டிருந்தது. சபையை நடத்துகிறவருக்குக் கடிதம் எழுதினாள். அவசரத்தில் ஒரே வரியை மூன்று தரம் தப்பாகத் தட்டினாள். 'தயவு பண்ணி எடுத்துவிடுங்கள். என் பெண்ணின் வாழ்க்கை.' அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். லைன் அறுந்தது. மறுபடி போட்டாள். மறுபடி கீச்கீச். சேஷன் கூப்பிட்டாலும் சுபாஷிணி கூப்பிட்டாலும் ஃபோன் எங்கேஜ்டாகத்தான் இருக்கும் என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை.

இரண்டரை மணிக்குப் பதில் வந்தது. எங்கேயோ அமெரிக்காவில் கண்விழித்திருந்த புண்ணியவான். 'அம்மா, எங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் இது சிறந்த கேள்வி பதிலாகத் தேர்வாகி ஆகஸ்டிலேயே உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஈமெயிலில் போய்விட்டது. அதைத் திரும்பப் பெற வழியில்லை. மன்னிக்கவும்.'

சிறந்த கேள்வி பதிலாம்! பரிசு ஒன்றுதான் பாக்கி. காமாக்ஷி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு, நாலு மணிக்காகக் காத்திருந்தாள்.

ராமசுப்ரமணியன் நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். மங்கி குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"காபி கலக்கறேன்" என்றாள் காமாக்ஷி.

"வேண்டாம்."

சம்பந்தி வீட்டில் காபி வேண்டாம் என்றால் அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது? அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தார். அச்சு எடுத்த காகிதம். கவலைத்தாய் என்று தலைப்பில் இருந்தது. கீழே கட்டங்கள். அதற்கும் கீழே யூனிஃபார்ம்.

"இது நீங்க எழுதினதுதானே?"

காமாக்ஷி தலையை மட்டும் அசைத்தாள்.

"கார்த்தால கேட்டேனே மாமி, ஜலதோஷம்னேளே! எங்களைப் பார்த்தா உங்களுக்கு எப்படி இருக்கு? ஒத்தப் பிள்ளை எங்களுக்கு. நாளன்னிக்கு நூறு பேருக்கு முன்னால லக்னப் பத்திரிகை வாசிக்கணும். இத்தனையையும் மறைச்சு எங்க தலையில கட்டப் பார்த்தேளே, நியாயமா?"

"தப்புதான் மாமா. பயந்துட்டேன். ஏழு வருஷமா ஒண்ணுமே இல்லை. டாக்டர் லெட்டர் இருக்கு, காட்டறேன்..."

"லெட்டர் யாருக்கு வேணும்? ஊர் முழுக்கப் படிச்சிருக்கு. என்னோட கம்ப்யூட்டர்ல ஜாதகத்தைப் போட்டா, இந்த ஜாதகம் ஏற்கெனவே இருக்குங்கறது! கவலைத்தாய்ங்கற பேர்ல! எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

காமாக்ஷி அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே காதில் விழுந்ததை மறுபடி யோசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உங்க கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே எப்படி மாமா இருந்தது?"

"என்ன?"

"நாங்க ஜாதகம் கொடுத்தது ஆகஸ்ட் கடைசியில. அன்னிக்கு கம்ப்யூட்டர் ரிப்பேர்னேள். நான் சபையில எழுதினது ஜூலையில. அதை உங்க கம்ப்யூட்டர்ல யார் ஏத்தினா?"

ராமசுப்ரமணியன் குல்லாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "பொழுது போகல்லேன்னு நாலு பேருக்குப் பார்த்துச் சொல்றது உண்டு. பார்த்த ஜாதகத்தையெல்லாம் சேர்த்து வெச்சுப்பேன். அது ஒரு பழக்கம்."

காகிதத்தில் கேள்விகள் மட்டும்தான் இருந்தன. பதில் இல்லை. காலையிலிருந்து பத்துத் தரம் படித்த பதில் காமாக்ஷிக்கு மனப்பாடம். அதை மட்டும் இவர் ஏன் அச்சு எடுக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் வந்தது.

"பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லைன்னு எழுதினது நீங்கதானா? ஜோதிஷ சேவகன் நீங்களா?"

அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கைகூப்பித் தெய்வம்னு எழுதினேனே உங்களை! நீங்க சொன்னதைக் கேட்டுத்தானே வாயைத் திறக்காம இருந்தேன்!"

"அது... அது யாராத்துப் பொண்ணோன்னு நினைச்சேன் மாமி" என்றார் ராமசுப்ரமணியன் மெல்ல.

நல்ல மனுஷர்! ஊரான் பிள்ளை என்றால் ஒரு நியாயம், தன் பிள்ளை என்றால் ஒரு நியாயம். ஆனால் அவரும் அதை மறைக்காமல் சொன்னாரே என்றுதான் காமாக்ஷிக்குப் பட்டது. இரண்டு பேரும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது கதவு திறந்தது. சுபாஷிணி ஆபீஸ் பையோடு உள்ளே வந்தாள். பின்னால் அக்ஷய், கையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். இரண்டு பேர் முகமும் குளிரில் சிவந்திருந்தது. சுபாஷிணி அம்மாவைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"அப்பா, டேபிள்ல இன்னொரு காப்பி கிடந்தது" என்றான் அக்ஷய். "மத்தியானம் சாப்பிட வந்தப்போ படிச்சேன், நீங்க தூங்கிண்டிருந்தேள். இங்க ஃபோன் பண்ணிப் பண்ணிப் பார்த்தோம், எங்கேஜ்டாவே இருந்தது. எதுக்கு வந்திருக்கேள் இங்க?"

"உனக்குத் தெரியாதுடா. இந்தப் பொண்ணுக்கு..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஃபிட்ஸ் வரும், மாத்திரை சாப்பிடறா. செப்டம்பர்லயே சொல்லிட்டா. தில்லி ஹாட் கடைத்தெருவுல, ரெண்டாவது தடவை மீட் பண்ணினப்போ. யோசிச்சு நாளைக்கு சொல்லுங்கோன்னா. நான் யோசிச்சேன், டாக்டர்கிட்டயும் கேட்டேன், அப்புறம் சரின்னேன். உங்ககிட்ட கல்யாணத்துக்கு முன்னாடி நான் சொல்றதா இருந்தேன். என் தப்பு."

ராமசுப்ரமணியன் பிள்ளை பக்கம் திரும்பினார். "ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கேடா!"

"ஊருக்குத் தெரிஞ்சது அவளாலயா? சொல்லுங்கோ. அந்த சைட்ல அட்வைஸ் பண்ணினவருக்கும் அதுல பங்கு உண்டு. யாருன்னு எனக்குத் தெரியாதா? நம்ப வீட்டுக் கம்ப்யூட்டர்தானேப்பா."

தெருவில் பட்டாணி வண்டிக்காரன் "மட்டர் லே லோ, மட்டர்!" என்று கத்திக்கொண்டு போனான். ராமசுப்ரமணியன் அந்தக் காகிதத்தை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார், பையில் போட்டுக்கொண்டார்.

"மாமி, அந்தக் காபி இருக்கா?" என்றார்.

காமாக்ஷிக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. பிள்ளையாரே, உனக்கு நூற்றியெட்டுத் தேங்காய்! சமையலறைக்கு ஓடினாள். டிகாக்ஷனை விட்டு, பாலைக் காய்ச்சி, சந்தோஷத்தில் சர்க்கரையை இரண்டு தரம் போட்டுவிட்டாள். அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். போகும்போது, "ஞாயித்துக்கெழமை ஒம்பது மணிக்கு வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்ஷய் வாசல்வரை போய், திரும்பி சுபாஷிணியைப் பார்த்தான். அவள் தலையை அசைத்ததும் போய்விட்டான்.

கதவைத் தாளிட்டுவிட்டுக் காமாக்ஷி திரும்பினாள். "பெரிய கண்டம்டி கண்ணு! தப்பிச்சோம். நீ ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை, மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன்னு? நான் ஒரு நாள்ல பத்து வருஷம் கிழவியாயிட்டேன்!"

சுபாஷிணி சோபாவில் உட்கார்ந்து ஷூவின் லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அம்மா, அந்த யூனிஃபார்ம் விஷயத்தை எதுக்கும்மா எழுதின?"

"அது... மனசு தாங்காம எழுதிட்டேன். பேர் போடலைடி. உன் பேரை நான் எங்கயுமே போடலை."

"ஜோசியம் பார்க்க அதுவா கேட்டா?"

காமாக்ஷி புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஃபிட்ஸ்னு அக்ஷய்கிட்ட நான் சொன்னேன். அது மட்டும்தான் சொன்னேன். ஸ்கூல்ல நடந்ததை சொல்லலை. யாருக்கும் சொல்லமாட்டேன், என் குழந்தைக்குக்கூட சொல்லமாட்டேன்னு வெச்சிருந்தேன். உனக்கு மட்டும்தான் தெரியும்னு இருந்தேன்." ஒரு ஷூவைக் கழற்றினாள். "ஃபோன்ல அக்ஷய் ரொம்ப அன்பா பேசினான்மா. 'பரவாயில்லை, நான் ஒண்ணும் நினைக்கலை'ன்னான். அப்போதான் புரிஞ்சுது, அவனும் படிச்சுட்டான்னு. ஆபீஸ்லேர்ந்தே அந்த சைட்டைத் திறந்து பார்த்தேன். ரெண்டாயிரம் பேர்மா. நான் ஒருத்தரை செலக்ட் பண்ணி சொன்னேன். நீ ரெண்டாயிரம் பேருக்கு சொல்லியிருக்க."

"எடுத்துட்டாடி. இன்னிக்கு எடுத்துட்டா. இனிமே யாரும் பார்க்க முடியாது" என்றாள் காமாக்ஷி. ஈமெயில் விஷயத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அச்சா" என்றாள் சுபாஷிணி. ஷூவை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். ஜாடி நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. அன்றைக்கு விழுந்தது.

காமாக்ஷி பாதியில் விட்ட வெல்லத்தை உடைத்து முடித்தாள். பாகு வைத்தாள். எட்டு மணிக்கு வழக்கம்போல் பாலைச் சுடவைத்து டம்ளரில் ஊற்றி, அலமாரியில் கல்லுப்பு ஜாடிக்குப் பின்னால் கையை விட்டாள். டப்பா இல்லை. ஜாடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். இல்லை.

டம்ளரோடு போய்க் கதவைத் தட்டினாள். "கண்ணு, மாத்திரை..."

"எங்கிட்ட இருக்கும்மா. இனிமே நானே பார்த்துக்கறேன்."

"போட்டுண்டியா?"

உள்ளேயிருந்து பதில் இல்லை. காமாக்ஷி இன்னொரு தடவை தட்டக் கையைத் தூக்கினாள், தட்டாமல் இறக்கிக்கொண்டாள். பால் ஆறிக்கொண்டிருந்தது. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக, பெண் மாத்திரை போட்டுக்கொண்டாளா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.